தனபால் கை வெச்ச கம்ப்யூட்டர்

டீயெல்லாம் வேண்டாங்க தனபால் தம்பி. பஸ்ஸுல எழுபது வளைவு சுத்தி எறங்குனதுல வயிறு இன்னும் மலை மேலயே நிக்குது. ரிப்பேருக்கு வரலீங்க. உங்களைப் பாக்கத்தான் சேந்தமங்கலம் வந்தேன்.

ஏனுங்க, கடை இப்படிக் காத்தாடுது? மலையிலிருந்து ஒருத்தரும் கூப்பிடறதில்லையா? தெரியுமுங்க.

வார வழியில பாருங்க, நாப்பதாவது வளைவுல ஒரு கரடி கைகாட்டி பஸ்ஸை நிறுத்துச்சு. அடிவாரத்துக் காரவள்ளிக்குப் போவோணுமாம். உக்கார எடமில்லைன்னு கண்டக்டர் ஏத்திக்கலை. நம்பலையா? உடுங்க, எங்கூர்லயும் எவனும் நம்பமாட்டான்.

சரி, சரி, விசயத்துக்கு வாரேன். பேத்தி ராதிகா காலேஜுக்குக் குடுக்கறதுக்கு நாப்பது பக்கம் கம்ப்யூட்டர்ல அடிச்சு வெச்சிருந்தாளே, சாமை தெனை பத்தி. கரண்டு போயி வந்ததும் அந்த ஃபைலு தொறக்கவே இல்லை. நீங்க அவகிட்ட போன்ல சொன்னீங்க, டெம்பரரி ஃபைலுல ஒரு நகல் கெடக்கும், வெள்ளிக்கிழமை வந்து எடுத்துத் தர்றேன்னு. சொன்னபடி வந்தீங்க. ரெண்டு மணி நேரம் தேடுனீங்க. சட்டையெல்லாம் வேர்த்துப்போச்சு. ஒண்ணுமே இல்லை. புள்ளைக்கு ஒரு வருசம் வீணாப்போச்சு.

இந்த ஆளு கை வெச்சதும்தான் அழிஞ்சுதுன்னு பேச்சு கெளம்புச்சில்ல? மலையில எங்க பெரக்கரை நாட்டு ஊரு பூரா? அதைக் கெளப்புனது நாந்தானுங்க. கோவிச்சுக்காதீங்க... இல்லை, கோவிச்சுக்குங்க.

மெசினு மந்தமானா டெம்பரரி ஃபைலையெல்லாம் தொடைச்சு உடுங்க பெரியவரேன்னு எனக்கு முன்ன ஒருக்கா காட்டிக் குடுத்தீங்களே. போன்ல நீங்க பேசுனது எனக்குத் தெரியாது. வெசாழக்கிழமை ஊட்டுல யாருமில்லை. மெசினைச் சுத்தம் பண்ணுனா புள்ள ஃபைலு தொறந்துக்கும்னு நெனச்சேன். களை புடுங்கற மாதிரி ஒண்ணு உடாம அழிச்சு, குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிப்போட்டேன்.

மறுநாள் நீங்க தேடறப்பவே சொல்லியிருக்கோணும். அவ அழுவறதைப் பாத்ததும் வாய் என்னமோ உங்க பேரைச் சொல்லிருச்சு. என்னோட கதையில ஊரே நம்புனது அது ஒண்ணுதானுங்க.

இல்லீங்க, மூடி மறைக்கலை. நேத்து ராதிகாகிட்ட பூராத்தையும் சொல்லிட்டேன். கையைப் புடிச்சுக்கிட்டு, பாவம் அந்த மெக்கானிக்கைக் காப்பாத்த எத்தனை அழகா கதை கட்டறீங்க அப்புச்சின்னு சிரிக்கறா.