முதல் பக்கத்துக்கு மூண்டு பேர்

...இல்லை யோகமலரக்கா, என்னை அப்பிடிப் பாக்காதேங்கோ. உங்கட செய்தி வந்திருக்கு. முதல் பக்கத்திலதான் வந்திருக்கு. வடிவாய்ப் பாருங்கோ, கீழ, முட்டை விலைக்கு மேல. நான் வாசிக்கிறன், கேளுங்கோ. "துறைமுகப் பக்கத்தில் ஒரு காணி உள்ளது." அவ்வளவுதான். எழுத்துப்பிழை ஒண்டும் இல்லை, என்ன.

இருங்கோ. அந்தக் கதிரையில வேண்டாம், அதுக்குக் கால் ஆடுது. ஆமி முகாம்காரர் பாவிச்ச கதிரை. எங்கட அச்சகத்துக்குள்ள இத்தினை வருசம் இருந்துபோட்டு இப்பதான் விட்டிட்டுப் போனவங்கள். கதிரையளையும் விட்டிட்டுத்தான் போனவங்கள். அச்சு மெஷினுக்கு மேல உடுப்புக் காயப்போட்டிருக்கிறாங்கள் அக்கா. உருளையெல்லாம் ஒரே கறள். அதைத் துடைச்சு எடுக்கப் பட்டபாடு... சரி, அதை விடுங்கோ. நீங்கள் அதுக்கு வரேல்லை.

ஆரில பிழையெண்டுதானே கேக்கிறீங்கள்? இந்த ஒற்றுமையில பிழை. நான் வெளிப்படையாய்ச் சொல்லுறன்.

முந்தி நாங்கள் மூண்டு பேப்பர். என்ர கரைச்செய்தி, மூதூர்ப் பக்கத்தில றுவைஸ் நடத்தின கொட்டியாரச் சுடர், மாதா கோயில் சனத்துக்கெண்டு அஞ்சலோ போட்ட சாட்சி. ஒருத்தரை ஒருத்தர் கண்டா ரோட்டைக் கடந்து அங்கால போவம். சண்டை முடியிறதுக்குள்ள ஒண்டொண்டாய் மூண்டும் படுத்திட்டுது. இப்ப பாருங்கோ, மெஷின் என்னட்டை, கடதாசி றுவைஸிட்டை, பேப்பர் ஏத்துற வான் அஞ்சலோவிட்டை. தனிய ஒருத்தராலயும் பேப்பர் போட ஏலாது. அப்ப சேர்ந்து போடுவம், இனியாவது பயமில்லாமல் எழுதுவமெண்டு பெரிய கூட்டம் வைச்சம். வடையும் குடுத்தனாங்கள். அதில ஒரு தீர்மானம். முதல் பக்கத்தில வாற ஒவ்வொரு சொல்லையும் மூண்டு பேரும் பாத்துச் சம்மதிக்கோணும். ஒருத்தர் எழுதி மற்ற ரெண்டு பேரும் கரைச்சல்படக் கூடாதெல்லோ. நல்ல தீர்மானம்தானே? எல்லாரும் கை தட்டினவை. ஆர் அதைக் கொண்டுவந்ததெண்டு இப்ப கேக்காதேங்கோ.

சண்டை நேரத்துக் கதை உங்களுக்குத் தெரியாது. பக்கம் கட்டினவுடன முகாமுக்குக் கொண்டுபோய்க் காட்டோணும். நான்தான் சைக்கிளில கொண்டுபோறது. அங்க இருந்த அதிகாரிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நீளமான செய்தியைக் கண்டா வெட்டுவார், கட்டையாய் இருந்தா விடுவார். அவ்வளவுதான் அவற்ற கணக்கு. நாங்களும் என்ன செய்தம், ஒரு செய்தியைத் துண்டு துண்டாக்கிப் பக்கத்துக்கு ஒண்டாய்ப் போட்டம். சனம் பொறுக்கி எடுத்து வாசிச்சுது. அந்தாள் பாதியைத்தான் வெட்டினவர் அக்கா. நாங்கள் மூண்டு பேரும் தமிழ் நல்லா வாசிக்கிற ஆக்கள். அதில வந்த வினை இது.

உங்கட செய்தியை நான் எப்பிடி எழுதினனான் தெரியுமோ? முழுப்பக்கம். உங்கட காணி, உங்கட கிணறு, முகாம்காரர் வேலி அடிச்சது, அக்கம்பக்கத்துக் காணியை விட்டும் உங்கடையை விடாதது, இப்ப அதை ஹோட்டல்காரருக்குக் குடுக்கப்போறது. வாற திங்கக்கிழமைப் பிரதேச செயலகக் கூட்டத்தில 'உரிமைக்காரர் ஆரும் வரேல்லை' எண்டு எழுதி மூடப்போகினமெண்டதும் இருந்தது. பேஸ்புக்கில வந்ததை அங்க கணக்கெடுக்க மாட்டினம், பேப்பரில வந்தாத்தான் கோப்பில வைப்பினமெண்டு நீங்கள் சொன்னதையும் போட்டனான். ஒரு சொல்லும் விழுங்காமல் எழுதினது. எத்தினை வருசத்துக்குப் பிறகு! எழுதிப்போட்டு நானே வாசிச்சுக் கண் கலங்கினனான், பொய் சொல்லேல்லை.

பேந்து அது அஞ்சலோவிட்டைப் போச்சு. அவன் செய்தியில இருந்து ஹோட்டலை எடுத்திட்டான். அவன்ர தங்கச்சி லதுஷா அந்த ஹோட்டல்காரரிட்டைத்தான் வேலை. பாவம் பிள்ளை, வேலை போயிடுமாம். சரி, ஹோட்டல் இல்லாட்டிலும் செய்தி நிக்கும். பிறகு றுவைஸ். அவன் முகாமை எடுத்திட்டான். அவன்ர தமையன் வள்ளம் விடுறது அந்த முகாமுக்கு முன்னாலதானாம். வள்ளத்தை மறிச்சு வைச்சா ஆர் பதில் சொல்லுறதாம். அதுவும் ஞாயம். ஞாயமில்லாத கதை ஒண்டும் ஆரும் கதைக்கேல்லை, அதுதான் கொடுமை.

கடைசியாய்ப் பக்கம் என்னட்டைத் திரும்பி வந்துது. வேலி அடிச்சது ஆரெண்டு இல்லை. காணியை எடுக்கிறது ஆரெண்டு இல்லை. மிச்சமெல்லாம் வெள்ளையாய்க் கிடக்கு. அதில எதைப் போட்டாலும் மூண்டு பேரும் சம்மதிக்கோணுமே. முட்டை விலையில மட்டும் எங்களுக்குள்ள பிரச்சினை வரேல்லை.

படமோ? படம் இருக்கு. இஞ்ச பாருங்கோ, வேலி. அச்சில வடிவாய் வந்திருக்கு. ஓம், வேலிக்குப் பக்கத்தில நீங்கள் நிண்டனீங்கள், தெரியும். எடுத்தது நான்தானே.

தேத்தண்ணி குடிக்கிறீங்களோ? சீனி இல்லை.

சரி, சொல்லுறன். உங்கட படத்தையும் பேரையும் எடுத்தது நான். நீங்கள் அன்புவழிபுரத்தில உங்கட தங்கச்சி வீட்டு முன்னறையில இருக்கிற மனிசி. முகாமும் இல்லாமல் ஹோட்டலும் இல்லாமல், அவ்வளவு பெரிய பக்கத்தில உங்கட பேர் மட்டும் தனிய நிண்டா நாளைக்கு ஆராவது வந்து கதவைத் தட்ட மாட்டாங்களோ? அஞ்சலோவுக்குத் தங்கச்சியை நினைச்சுப் பயம், றுவைஸுக்குத் தமையனை நினைச்சுப் பயம். எனக்கு உங்களை நினைச்சுப் பயம் வரக்கூடாதோ?

உங்களைக் கேட்டிருக்கோணுமோ... அது என்ர மண்டைக்குள்ள ஓடேல்லை அக்கா. முகாமுக்குக் கொண்டுபோன காலத்திலயும் செய்திக்குரிய ஆக்களை ஆரும் கேட்டதில்லை. அந்தத் தீர்மானமும் நான் கொண்டுவந்ததுதான். காட்டாமல் ஒரு பக்கத்தை மெஷினுக்கு விட எனக்குக் கை வரேல்லை. இப்ப முகாமில பக்கம் பாக்கிற அதிகாரி இல்லை, காட்டுறதுக்கு ஆளில்லை. அப்ப இவங்கள் ரெண்டு பேரிட்டையும் காட்டினன்.

திருப்பி அடிக்கக் கடதாசி இல்லை. இருந்ததெல்லாம் அந்தா, கட்டுக்கட்டாய்க் கிடக்கு. பின்னேரம் அஞ்சலோ வானோட வருவான், நாளைக்குக் கடையளுக்குப் போகும்.

என்ன செய்யிறீங்கள்? அது என்ர பேனை. அக்கா, அது கடைக்குப் போற பேப்பர், அதில எழுதக்கூடாது. முதல் பக்கத்தில ஒரு சொல் கூட்டுறதெண்டாலும் மூண்டு பேரும் பாக்கோணும். கேக்குதோ? கேக்கேல்லை.

என்னத்தை எழுதினனீங்கள், பாப்பம். 'இது யோகமலரின் காணி.' ம்.

யோகமலர் எண்டு மட்டும் போட்டா ஆருக்கு விளங்கும்? இந்த ஊரில எத்தினை யோகமலர். தகப்பன்ர பேரை முன்னுக்குப் போடுங்கோ. ஓம், அப்பிடி. காணி எந்த ஒழுங்கையில? அது இல்லை. கிணற்றையும் எழுதுங்கோ, கிணறு இருக்கிற காணியை வெறுங்காணியெண்டு சொல்லேலாது. திங்கக்கிழமை கூட்டமெண்டதைப் போட மறந்திட்டீங்கள். ஆர் எடுக்கப்போகினமெண்டு எழுதாட்டில் வாசிக்கிற சனத்துக்கு எப்பிடித் தெரியும்? முழுப்பேரையும் போடுங்கோ. அஞ்சலோ வந்து கத்துவான். கத்தட்டும், லதுஷாவின்ர வேலைக்கு நான் போய்க் கதைக்கிறன்.

பொறுங்கோ, பொறுங்கோ. வேலி அடிச்சது ஆரெண்டு எழுதாமல் அடுத்த பேப்பருக்குப் போறீங்கள். அது இல்லாமல் இது செய்தியே இல்லை அக்கா. இத்தினை கட்டையும் ஓராள் எழுதி முடியாது. அரைவாசியை இஞ்சால தள்ளுங்கோ. முகாமின்ர பேரை நான் எழுதுறன்.