சேறு ஊற வேண்டும்

2023 டிசம்பர் 9, சனிக்கிழமை காலை ஏழு பத்துக்கு, புதுச்சேரி சாரத்தில் உள்ள என் வாட்டர் சர்வீஸ் பட்டறைக்கு ஹரிகிருஷ்ணனின் பிக்கப் வண்டி வந்தது.

வண்டியின் அடியில் பிடித்த சேற்றை உடனே கழுவக் கூடாது, சார். அவசரப்பட்டுத் தண்ணீர் அடித்தால் வெளிச்சேறு போகும். சேஸ் இடுக்கிலும் ஸ்பிரிங் பட்டைகளுக்கு நடுவிலும் இருப்பது அப்படியே நிற்கும். முதலில் நனைத்து ஊறவிட வேண்டும். சைலென்சர் சூடாக இருந்தால் அது ஆறும்வரை நனைக்கவும் கூடாது. பத்தொன்பது வருடமாக நான் இந்த முறையை மாற்றியதில்லை.

ஹரிகிருஷ்ணன் என் தங்கை பூர்ணிமாவின் கணவர். மழை விட்ட வாரங்களில், வெளியூரிலிருந்து வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு காலாப்பட்டுக்கு அந்தப் பக்கம் சவுக்குத் தோப்பில் சேறும் பள்ளமுமாகப் பார்த்து வண்டி ஓட்டுவார். அவர்களுக்கு அது ஒரு விளையாட்டு. "ஊரே இங்க தண்ணி அடிக்க வருது. நீங்களும் தண்ணி அடிச்சிதான் பொழைக்கிறீங்க, மச்சான்" என்று என்னைக் கேலி செய்வார். அன்று கேலி இல்லை.

"அடியில துணி சிக்கினு இருக்கு மச்சான். எடுத்து வுடுங்க. நான் திரும்பிப் போவணும்."

வண்டியைச் சர்வீஸ் குழிமேல் நிறுத்தச் சொல்லி, குழியில் இறங்கிப் பார்த்தேன். ஷாஃப்டில் கத்தரிப்பூ நிறப் புடவை ஒன்று முறுக்கிக்கொண்டிருந்தது. அந்தப் புடவை எனக்குத் தெரியும். காலாப்பட்டுப் பக்கத்து மீனவக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் கூடையோடு வந்து எங்கள் தெருவில் மீன் விற்கும் சின்னப்பொண்ணு உடுத்துவது. பதினொரு வருடப் பழக்கம். "இன்னா மேஸ்திரி, லாரிக்குத் தெனம் குளியல் போடுற, உன் சட்டைக்கு எப்போ?" என்று தெருவே கேட்கும்படி கேட்பார். எனக்கு அதில் வருத்தம் கிடையாது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்பது மணிக்கு ஆட்கள் வருவதாக இருந்ததால், ஹரிகிருஷ்ணன் விடியும்போதே வழி பார்க்கப் போயிருக்கிறார். சேற்றில் மாட்டிய வண்டியைப் பின்னால் எடுத்திருக்கிறார். அந்த அம்மாள் அடுப்புக்குச் சவுக்கு மிளாறு பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

"இடுப்பு மேல ஏறிடுச்சி மச்சான்."

"உசுரு இருக்கா?"

"பேசுனாங்க. 'மேஸ்திரி வூட்டு மாப்ளதானே நீ, என்ன ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போப்பா'ன்னாங்க. நான் பயந்து வண்டிய எடுத்துனு வந்துட்டேன். நூத்தியெட்டுக்குப் போன் பண்லாமா?"

அவர் போனைக் கையில்தான் வைத்திருந்தார். ஓர் எண் அழுத்தினால் போதும். அவர் சொன்னதில் நான் பிடித்துக்கொண்டது ஒன்றைத்தான். அந்த அம்மாளுக்கு ஆளை அடையாளம் தெரிந்திருக்கிறது. பூர்ணிமாவுக்கு அது ஏழாம் மாதம்.

"போன் பண்ணா மொதக் கேள்வியே நீங்க யாருன்னுதான் மாப்ள கேப்பான். இந்தக் கோலத்துல வண்டி ஆஸ்பத்திரி வாசல்ல நின்னா இன்னா ஆவும்? கழுவிக் குடுக்கறேன். இதே வண்டில போய்த் தூக்கினு போங்க."

அவர் யோசித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பெரிய மச்சான் சொன்னால் கேட்பார். நல்ல பிள்ளை என்று விசாரித்துத்தான் பெண் கொடுத்தோம்.

சைலென்சர் ஆற நாற்பது நிமிடம் ஆனது. அதற்குள் புடவையை நான்கு துண்டாக அறுத்தெடுத்து, கழிவு ஆயில் டிரம்மில் அமுக்கினேன். பிறகு நனைத்தேன். ஊறவிட்டேன். ஹரிகிருஷ்ணன் குழியைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

"போதும் மச்சான்."

"இன்னும் ஊறல."

"அவங்க அங்க தனியாக் கெடக்கறாங்க மச்சான்."

"பாதி கழுவுன வண்டி கழுவாத வண்டிய விட மோசம் மாப்ள. டீ குடிங்க."

ஆக்சில், பட்டை, சேஸ் என்று வரிசையாகத் தண்ணீர் அடித்தேன். டயர் பள்ளங்களில் இருந்த சவுக்கு ஊசிகளை ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொன்றாக எடுத்தேன். காயவைத்து டீசல் ஸ்ப்ரே அடித்தேன். அது தேவைதானா என்று கேட்கிறீர்கள். உப்புக் காற்று ஊரில் டீசல் அடிக்காமல் விட்டால் இரும்பு துருப்பிடிக்கும். பத்தே முக்காலுக்கு வேலை முடிந்தது. அதுவரை ஹரிகிருஷ்ணன் போகவில்லை. நான் போகவிடவில்லை.

நானும் கூடப் போனேன். பதினொன்றரைக்குத் தோப்பின் ஓரத்தில் நின்றோம். அங்கிருந்து இருநூறு அடி சேறு. இன்ஜினை அணைத்ததும் குரல் கேட்டது.

"யாருப்பா அது? யாருப்பா?"

"மச்சான், உசுரு இருக்கு" என்றார் ஹரிகிருஷ்ணன். அழுதார்.

"கேக்குது" என்றேன். "வண்டி இப்பத்தான் கழுவுனது. திரும்பச் சேத்துல எறக்கினா மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

நடந்து போய்த் தூக்கி வந்திருக்கலாம். இரண்டு ஆள் இருந்தோம். அவர் கதவைத் திறந்தார். நான் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். சாவியை வாங்கி, அவரை இந்தப் பக்க சீட்டுக்கு நகரவைத்து, நானே வண்டியைத் திருப்பினேன்.

திங்கட்கிழமை உங்கள் சிவப்புத் தொப்பிக் காவலர் ஒருவர் எல்லா வாட்டர் சர்வீஸ்களிலும் விசாரித்துக்கொண்டு வந்தார். "சனிக்கெழம வந்த வண்டி எதுலயாவது அடி இருந்துதா?" என்று கேட்டார். "அடி சுத்தமா இருந்துச்சு சார்" என்றேன். அவர் எழுதிக்கொண்டு போனார். அதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

புதன்கிழமை ஹரிகிருஷ்ணன் தானாக உங்களிடம் வந்தார். அவருக்குப் பொறுமை போதாது. வண்டியை நீங்கள் பிரித்துப் பார்த்தீர்கள், எதுவும் கிடைக்கவில்லை. அதை நீங்களே சொன்னீர்கள். என் தங்கை என்னோடு பேசுவதில்லை. அவளுக்காகச் செய்தது அவளுக்குப் புரியவில்லை. குழந்தை பிறந்தால் புரியும்.

எனக்கு அந்த அம்மாளிடம் எந்தப் பகையும் இல்லை. இடுப்பெலும்பு முறிவு, ரத்தப்போக்கு என்று பிரேதப் பரிசோதனை அறிக்கையில் இருக்கிறது. பதினொன்றரைக்குத் தூக்கியிருந்தால்கூடப் பிழைத்திருப்பார் என்று மருத்துவர் சொன்னதாகப் படித்துக் காட்டினீர்கள். நான் மறுக்கவில்லை.

சின்னப்பொண்ணு அந்தச் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிவாக்கில் இறந்தார்.