ஆறாவது கோளாறு

பட்டு: மறுபடியும் அதைத் திறந்து வச்சுண்டு உக்காந்துட்டேளா? காப்பி ஆறிண்டிருக்கு.

ஸ்வாமிநாதன்: மேஜையை ஆட்டாதே பட்டு. லென்ஸைத் துடைச்சிண்டிருக்கேன்.

பட்டு: நானெங்கே ஆட்டினேன்? உங்க கைதான் ஆடறது.

ஸ்வாமிநாதன்: வெளிச்சத்தை மறைக்காதே... அந்தப் பக்கம் நில்லு.

பட்டு: இத்தனூண்டு சிடி பிளேயர். அஞ்சு வாரமா வாரம் ஒரு வியாதி. பேசாம பங்கார்வாலாகிட்ட தூக்கிப் போட்டுடலாம். இப்பக்கூட பழைய சாமான் கேட்டுண்டு கீழே கத்திண்டு போனான்.

ஸ்வாமிநாதன்: போடுவே, போடுவே! முதல் வாரம் மூடி சரியா அழுந்தலை, அதனால டிஸ்க் சுத்தலை. சரி பண்ணினேனா இல்லையா? அடுத்த வாரம் பாட்டு நடுவுல தாவித்து...

பட்டு: ஃப்ரிட்ஜ் மேலேர்ந்து இறக்கி மேஜைல வச்சேள்.

ஸ்வாமிநாதன்: ஆமா, ஃப்ரிட்ஜ் அதிர்றது, அதான். அங்கே யார் கொண்டுபோய் வச்சாளோ! அப்புறம் டிஸ்க்ல கீறல். அப்புறம் மழை ஈரம். லென்ஸ்ல பனி மாதிரி பூத்திருந்தது. மூடியைத் திறந்து காய விட்டேன்.

பட்டு: நாம இருக்கற இந்த விஷ்ராந்த்வாடி மழைல நம்ம துணியே காயலை.

ஸ்வாமிநாதன்: இப்போ 'நோ டிஸ்க்'குங்கறது. டிஸ்க் உள்ளதான் இருக்கு. இல்லவே இல்லேன்னு சாதிக்கறது.

பட்டு: இருக்கறதை இல்லேன்னு சாதிக்கறவா இந்த ஆத்துல இன்னும் ஒருத்தர் உண்டு.

ஸ்வாமிநாதன்: என்ன சொன்னே?

பட்டு: ஒண்ணுமில்லை. ஸ்பீக்கர் போயிருக்குமோன்னேன்.

ஸ்வாமிநாதன்: இதுலயே ரேடியோ பாடறதோல்லியோ? அப்போ ஸ்பீக்கர்ல கோளாறு இல்லை. லென்ஸ்தான்.

பட்டு: அடேயப்பா! பல்பு மாத்தறதுக்கே எதிர் ஃப்ளாட் கோவிந்தராஜைக் கூப்பிடுவேள். பேங்க்ல உக்காந்து கையெழுத்துப் போட்டவருக்கு இதெல்லாம் எப்படித் தெரிஞ்சுது?

ஸ்வாமிநாதன்: கடைக்காரன் சொன்னான். ஃபோன்ல.

பட்டு: எந்தக் கடை?

ஸ்வாமிநாதன்: இருக்கு ஒரு கடை. பழைய டேப், பிளேயரெல்லாம் ரிப்பேர் பண்றது... அந்தப் பட்ஸை எடு.

பட்டு: எந்தப் பக்கம்னு கேட்டேன்.

ஸ்வாமிநாதன்: ...மகர்பட்டா.

பட்டு: மகர்பட்டாவா?

ஸ்வாமிநாதன்: ஏன், மகர்பட்டால ஒரே ஒரு கடைதான் இருக்கா?

பட்டு: நான் ஒண்ணும் சொல்லலையே. கடைக்காரன் எப்படி? வள்ளுனு விழறானா?

ஸ்வாமிநாதன்: சேச்சே, ரொம்பப் பொறுமை. ஹிந்திலதான் பேசறது. 'அங்கிள், டிஸ்க்கை வட்டமாத் துடைக்காதீங்கோ, நடுவுலேர்ந்து ஓரத்துக்கு நேரா இழுங்கோ'ன்னான். வேஷ்டி நுனி உதவாதாம், மெத்துன்னு பருத்தித் துணி வேணுமாம். லென்ஸுக்கு பட்ஸ்ல ஒரு சொட்டு ஸ்பிரிட். 'குழந்தை கண்ணைத் துடைக்கற மாதிரி தொடுங்கோ அங்கிள்'னான்...

பட்டு: சாப்பிட்டானான்னு கேட்டேளா?

ஸ்வாமிநாதன்: ஏண்டி, கடைக்காரனைப் போய் யாராவது...

பட்டு: கேட்டேளா, இல்லையா?

ஸ்வாமிநாதன்: ...ஒரு நாள் கேட்டேன். வடா பாவ் சாப்பிடறேன்னான். மணி மூணு! மத்தியானச் சாப்பாடே அதானாம். உடம்பு என்னத்துக்கு ஆறது, சொல்லு!

பட்டு: இருமல்?

ஸ்வாமிநாதன்: போன வாரம் இருந்தது. இப்போ தேவலை... நீ என்ன துருவித் துருவிக் கேக்கறே? துடைச்சாச்சு. டிஸ்க்கைக் குடு. எழுத்து மேல் பக்கம் இருக்கணும்.

பட்டு: தெரியும்... ஏன்னா, சுத்தறது!

ஸ்வாமிநாதன்: உஷ்...

பட்டு: நம்பர் வந்துடுத்து! நாகஸ்வரம்... கேக்கறதா?

ஸ்வாமிநாதன்: கேக்கறது.

பட்டு: ஏன் மூஞ்சி தொங்கிப் போச்சு? சரியாயிடுத்தே!

ஸ்வாமிநாதன்: ஆமா. சரியாயிடுத்து. துடைக்க வேண்டியதைத் துடைச்சாச்சு, மாத்த வேண்டியதை மாத்தியாச்சு. இனிமே இதுல கெட்டுப்போக ஒண்ணுமே பாக்கி இல்லை.

பட்டு: நல்லதுதானே?

ஸ்வாமிநாதன்: பட்டு... செத்த உக்காரேன். அந்தக் கடை... அது ஷ்ரேயஸ் கடை.

பட்டு: நம்ம பிள்ளை கடையா?

ஸ்வாமிநாதன்: ஐ.டி. வேலையை விட்டுட்டு ரிப்பேர் கடை வைக்கப் போறேன்னான். 'போ, எனக்குப் பிள்ளையே இல்லை'ன்னவன் நான்தான். உன்னையும் அவன் பேரை எடுக்கப்படாதுன்னேன். மூணு வருஷம் ஆச்சு. ஒரு ஆட்டோல ஏறினா போயிடலாம்... எந்த முகத்தோட போய் நிக்கறது? வாக்கிங் போறச்சே கோவிந்தராஜ் ஃபோனை வாங்கிண்டு, 'மேரா நாம் குல்கர்ணி'ன்னு பேரை மாத்திப் பேசினேன்.

பட்டு: குல்கர்ணியா?

ஸ்வாமிநாதன்: சிரிக்காதே. அந்த மூடி நிஜமாவே அழுந்தலை. அதைச் சாக்கா வச்சு ஒரே ஒரு தடவை குரலைக் கேட்டுட்டு வச்சுடலாம்னுதான்... 'போலியே அங்கிள்', சொல்லுங்கோ அங்கிள்னான் பாரு. அப்பாவை அங்கிள்ங்கறான். அதுவாவது கிடைச்சுதே. சரியானதும் மனசு கிடந்து தவிச்சுது, இன்னொரு தரம் கெடாதான்னு. பகவானும் அடுத்தடுத்து நாலு தரம் கெடுத்துக் குடுத்தான். நாளைக்கு நான் என்ன சொல்லி அவனைக் கூப்பிடுவேன்?

பட்டு: பகவானுக்கு வேற வேலை இல்லையாக்கும். ஃப்ரிட்ஜ் மேல வச்சது நான். கீறல் என் வளையல். ஈரம், மழையுமில்லை ஒண்ணுமில்லை, இட்லிப் பானை ஆவில காட்டினேன். இன்னிக்கு நீங்க துடைச்சேளே, அது என் கட்டை விரல் எண்ணெய்.

ஸ்வாமிநாதன்: அடிப்பாவி... அப்போ உனக்கு எல்லாம் தெரியுமா? எப்படி?

பட்டு: முதல் நாளே அவன் எனக்கு ஃபோன் பண்ணிட்டான். 'அம்மா, குல்கர்ணின்னு சொல்லிண்டு அப்பா பேசறா, தஞ்சாவூர் ஹிந்தில'ன்னு சிரிச்சான். அப்புறம் மெதுவா, 'அந்த பிளேயர் சரியாயிடாம பாத்துக்கோம்மா, அப்பா கூப்பிடறதை நிறுத்திடுவா'ன்னான்.