கடைசியாகப் பல் துலக்கியவள்

அவைக்குத் தலைமை தாங்கும் பெருந்தகை அமிர்தராஜ் அவர்களே, மன்றத்து மூத்தவர்களே, வேலை முடித்து முகம் கழுவி வந்திருக்கும் பொன்மலை ஒர்க்‌ஷாப் தோழர்களே, பாலக்கரையைப் பாதுகாக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் இந்த ஃபிட்டர் ஸ்தனிஸ்லாஸின் பணிவான வணக்கம்.

உழைப்பின் உயர்வைப் பேசத்தான் அழைத்தீர்கள். நானோ பல் துலக்கும் பிரஷைப் பற்றிப் பேசப்போகிறேன். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள் ஐயா, சிரிக்கப் பல் இருக்கும்வரை சிரியுங்கள். என் மனைவி லூர்துராணி ஆஸ்பத்திரியில் வாய் திறக்க முடியாமல் கிடக்கிறாள். நாக்கு இங்கே பேசுகிறது, நெஞ்சு அங்கே அடித்துக்கொள்கிறது.

வேப்பங்குச்சியால் பல் விளக்கினோமே, ஒருவர் கடித்த குச்சியை இன்னொருவர் கேட்டதுண்டா? உதடு படாமல் அண்ணாந்து தண்ணீர் குடித்தோமே, எச்சில் எச்சில் என்று எட்டி நின்றோமே, நாகரிகம் வந்ததும் அந்த நல்வழக்கம் எங்கே போயிற்று? வீட்டுக்கு ஒரு கடிகாரம்போல வீட்டுக்கு ஒரு பிரஷ் என்று பெருமையோடு வாங்கினேன்.

பச்சைமலையிலிருந்து என் கூட்டாளி வீரமலை வந்தார். விருந்தாளிக்கு மரியாதை செய்ய வேண்டாமா? "புது பிரஷ்ங்க, நீங்க முதல்ல விளக்குங்க" என்று நீட்டினேன். "நம்ம ஊர்ல இதெல்லாம் ஏதுங்க" என்று அவரும் மகிழ்ந்தார். அவருக்குப் பின் நான். எனக்குப் பின் பிள்ளைகள் மூவர். கடைசியில் லூர்துராணி. அவளுக்குச் சோறும் கடைசி, பிரஷும் கடைசி. அவர் ஊருக்குப் போன பிறகும் அதே வரிசைதான். ஈரத்தோடு தகர சோப்புப் பெட்டியில் மூடிவைத்தோம். பத்து மாதத்தில் பிரஷின் நார் துடைப்பம்போல் விரிந்து அவள் ஈறைக் கிழித்தது.

"ஈறு வலிக்குதுங்க" என்றாள். "உப்புத்தண்ணி கொப்பளி" என்று சொல்லிவிட்டு ஷிஃப்டுக்கு ஓடினேன். நான்காம் நாள் கன்னம் வீங்கிக் காய்ச்சல் கொதித்தது.

ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டாக்டரம்மா கேட்டார்: "அவங்க பிரஷ் எங்கங்க?"

"எங்க வீட்டு பிரஷ் இருக்குங்க."

"வீட்டு பிரஷைக் கேக்கலைங்க. அவங்களோடது எங்க?"

ஈறில் சீழ் கட்டியிருக்கிறதாம். சீழ் கழுத்துக்கு இறங்கினால் உயிருக்கு ஆபத்தாம். நாளைக்குள் தெரியுமாம். எனக்குப் பயமாக இருக்கிறது, தோழர்களே.

பின்னாலிருந்து ஒரு தம்பி கேட்கிறார், "ஆளுக்கு ஒண்ணு கட்டுப்படி ஆகுமாண்ணே?" ஆகாவிட்டால் வேப்பங்குச்சிக்கே திரும்புங்கள், அதில் இழிவில்லை. வாங்கினால் ஆளுக்கு ஒன்றாக வாங்குங்கள். விளக்கியதும் உதறி, நார் மேலே இருக்க, காற்றில் நிறுத்துங்கள். நார் வளைந்தால் தூக்கி எறியுங்கள். அரம் போட்டு இரும்பை ராவுவதுபோல் ஈறை ராவாதீர்கள். இரவு படுக்குமுன்னும் விளக்குங்கள்.

தலைவரே, மணியடிக்க வேண்டாம், முடித்துவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் ஆறரை வரைதான் உள்ளே விடுவார்கள். இதோ, என் சட்டைப் பையில் ஒரு பச்சை பிரஷ். பிடியில் அவள் பெயரை ஊசியால் கீறியிருக்கிறேன். பதினொரு வருஷ இல்லறத்தில், வேறு யாரும் தொடக்கூடாது என்று அவளுக்கு நான் வாங்கிய முதல் பொருள் இதுதான். அவள் வாய் திறக்கவேண்டும்.

வீட்டுக்குப் போய்ப் பிரஷ்களை எண்ணுங்கள், பிறகு ஆட்களை எண்ணுங்கள். யாருக்குக் குறைகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது உங்களுக்குச் சோறு போட்டவளாகத்தான் இருக்கும்.

பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. லூர்துராணிக்காக ஆளுக்கு ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள். நான் போயிட்டு வரேன், வணக்கம்.