செவிட்டுப் பக்கம்

இரவு பதினொன்றரை. நாய்கூட எட்டிப் பார்க்காத ரோடு. அதில் கடைசி வீடு... சத்தமே கூடாது என்று தேடிப் பிடித்த வீடு. என் சிநேகிதனின் அத்தானுக்கு அங்கேதான் நடந்தது. நெருங்கி உட்காருங்கள்.

அத்தானுக்குக் குரல்தான் பிழைப்பு. கதைப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுப்பார். தொண்டையில் ஆபரேஷன் ஆனதும் குரல் கரகரத்துப் போனது.

"ஒரு அத்தியாயம் அனுப்புங்க. சரியில்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறோம்" என்றது கம்பெனி.

ரிப்பன் மைக் என்று ஒரு ரகம் கரகரப்பை அமுக்கிவிடும் என்று யாரோ சொல்ல, மலிவாக ஒன்று வாங்கி வந்தார்.

"குட்டிம்மா, இதுக்கு முன்னாலயும் கேக்கும், பின்னாலயும் கேக்கும். ரெண்டு பக்கவாட்டும் சுத்தச் செவிடு!"

"எங்கம்மா மாதிரின்னு சொல்லுங்க. முதுகிலயும் காது" என்று சிரித்தாள் அவர் மனைவி, என் சிநேகிதனின் அக்கா.

அன்றிரவு முதல் பதிவு. ஹெட்போனில் அவர் குரல்... அதன் அடியில் இன்னொரு மூச்சு. ஸ்ஸ்... ஹா... ஸ்ஸ்...

மைக்கின் பின்னால், எதிரொலிக்காமல் இருக்கக் கம்பளி தொங்கவிட்ட சுவர்தான். விலக்கிப் பார்த்தார். ஒன்றுமில்லை. லேசாக ஆஸ்பத்திரி வாடை மட்டும்.

சுவர் செவிட்டுப் பக்கமாகப் போகட்டும் என்று மைக்கைக் கால் வட்டம் திருப்பினார். மறுபடி வாசித்தார். போட்டுக் கேட்டார். மூச்சு இல்லை. கரகரப்பும் இல்லை! ஆபரேஷனுக்கு முந்தைய குரல், வெண்ணெயாய் வழுக்கியது. அப்போதே அனுப்பிவிட்டார்.

காலையில் ஃபோன்.

"சார், பழைய குரல் அப்படியே வந்துடுச்சே! மிச்சப் புத்தகமெல்லாம் உங்களுக்குத்தான்!"

சந்தோஷமாக அறைக்குள் போனவர் அப்படியே நின்றார்.

மைக் அவர் திருப்பி வைத்தபடியே இருந்தது. நாற்காலி... பழைய இடத்திலேயே இருந்தது. திருப்பிய அவசரத்தில் நகர்த்த மறந்திருக்கிறார். அப்படியென்றால் ராத்திரி இரண்டாம் தடவை அவர் வாசித்தது செவிட்டுப் பக்கத்தில்.

பதிவானது யார் குரல்?

அக்காவைக் கூப்பிட வாய் திறந்தார். காற்றுதான் வந்தது. அந்தக் கரகரப்புகூட இல்லை. கதவில் ஓங்கித் தட்டினார். ஓடிவந்த அக்கா அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"என்னங்க... ஏதாவது பேசுங்களேன்!"

அவர் உதடு அசையவில்லை. மைக் பார்த்துக்கொண்டிருந்த அந்த வெற்று மூலையிலிருந்து... வெண்ணெய்க் குரல்.

"குட்டிம்மா... இங்க ஒரு நாற்காலி போடு. நிறைய வாசிக்கணும்."