வண்டிக்குப் பின்னால நிக்கிற ஆளு

– சாவியைத் திருகுங்க செல்லமுத்தண்ணா. எதுக்கு எறங்கப் பாக்கறீங்க?

– சூடு கண்ட பூனைங்க நானு. ஊட்டுக்கே போயிர்றேனுங்க சபீஹா அம்மிணி.

– போயி? மறுபடியும் உங்க சம்சாரம் பொன்னாத்தாக்கா தறிப்பட்டறைக்குப் போக, நீங்க மோட்டுவளையப் பாத்துட்டுப் படுத்திருக்கவா? வருசக்கணக்கா முடங்கிட்டவங்களைத் தூக்கி நிறுத்தத்தானே, வேலை தேடித் தர்ற எங்க ஆபீஸ்ல நாங்க நாலு பேரு லீவு நாள்லயும் வந்து நிக்கறோம்.

– உங்க மனசு தங்கமுங்க. முன்னால ஓட்டச் சொல்லுங்க, மல்லசமுத்திரம் வரைக்கும் போயிட்டு வாரேன். பின்னால எடுக்க மட்டும் சொல்லாதீங்க சாமி.

– ரிவர்ஸ் எடுத்து ஷெட்டுல நிறுத்திக் காட்டுனாத்தான் வேலைன்னு லாரி மொதலாளி கறாரா சொல்லிட்டாரு. மத்தியானம் வந்துருவாரு. அதுக்குள்ள ஒருக்கா பழகிருவோம். நா பின்னாடி நின்னு குரல் குடுக்கறேன்.

– நீங்களா? வேண்டவே வேண்டாமுங்க! கந்தவேலும் அப்படித்தான் நின்னான்.

– உங்க கிளீனரா?

– ஆமாங்க. போர் போடற ரிக் வண்டியில, காதைக் கிழிக்கற அந்தக் கம்ப்ரசர் எரைச்சல்ல வருசக்கணக்கா ஒண்ணாக் கெடந்து, அப்பறம் ஒண்ணாவே லாரிக்கு வந்தோம். ‘வரட்டும், வரட்டும்’னு சொல்லிட்டே இருப்பான். செவுரு கிட்ட வந்தா ‘ஹோல்டு’ம்பான். அன்னைக்கி ஹோல்டு சொல்லவே இல்லீங்க. செவுத்துக்கும் வண்டிக்கும் நடுவுல... போனைப் பாத்துட்டு நின்னிருப்பான் பாவி. அவனைப் பெத்தவகிட்டயும் அதத்தானுங்க சொன்னேன்.

– இந்தாங்க, என் போனு உங்க சீட்டுலயே இருக்கட்டும். விடாம ‘வரட்டும்’னு சொல்லிட்டே இருப்பேன். என் குரல் நின்னா உடனே பிரேக்கை மிதிங்க. அவ்ளோதான். பிஸ்மில்லா!

– கருப்பணாரே, நீதான் தொணை... எடுக்கறேனுங்க!

– வரட்டும்... வரட்டும்ணா... நல்லா வரட்டும்...

– அம்மிணி? அம்மிணீ! சத்தத்தையே காணோமே! நிறுத்தீட்டேனுங்க! அய்யோ சாமி, நா எறங்கிப் பாக்க மாட்டேன், என்னால ஆகாது...

– அண்ணா! அண்ணா, இஞ்சினை ஆஃப் பண்ணுங்க. இந்தா, ஜன்னல்கிட்டயே வந்துட்டேன், பாருங்க. ஒண்ணும் ஆகலை. செவுரு இன்னும் எவ்ளோ தூரம் இருக்கு, அதுக்குள்ள எதுக்கு நிறுத்துனீங்க?

– வெளையாடறீங்களா? ஏனுங்க பாதியில வாயை மூடுனீங்க? எனக்கு உசுரே போயிருச்சு!

– அல்லாமேல சத்தியமா நா மூடலைண்ணா. தொண்டை கிழியக் கத்திக்கிட்டேதான் இருந்தேன்.

– கத்துனீங்களா? எங்காதுல விழவே இல்லீங்களே!

– ஆமாண்ணா. தெருமுனை டீக்கடைக்காரரே என்னமோ ஏதோன்னு ஓடி வந்துட்டாரு, அங்க நிக்கறாரு பாருங்க.

– அப்ப... கந்தவேலும் அன்னைக்கிக் கத்தியிருப்பானுங்களா, அம்மிணி?