ஒரு மணி பத்து நிமிட முல்தானி

வெற்றிலை மடிப்பதில் தார்வாடில் எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு ஐயா. காம்பு கிள்ளி, நரம்பு உரித்து, சுண்ணாம்பைத் தொட்டும் தொடாமலும் தடவுவேன்.

பாடுகிறவர்கள் அடுத்தவர் கையால் வெற்றிலை வாங்குவதில்லை. செந்தூரம் கலந்து கொடுத்துத் தொண்டையைக் கெடுத்துவிடுவார்கள் என்ற பயம் எங்கள் ஆட்களுக்குப் பரம்பரையாக உண்டு. என் குரு கோதாவரிபாயி கல்யாண வீட்டுத் தாம்பூலத்தைக்கூடத் தொடமாட்டார். அந்த அம்மாள் இருபத்திரண்டு வருஷமாக என் கையால் மட்டும்தான் போட்டார். கச்சேரியில் அவர் பின்னால் உட்கார்ந்து தம்பூரா மீட்டுவேன். அவர் கை காட்டினால் மட்டும் ஓரிரு இடத்தில் கூடப் பாடுவேன்.

போன திங்கட்கிழமை மதியம் அவர் வீட்டுக் கூடத்தில் முல்தானி ராகம் பாடினார். நான்தான் பதிவு செய்தேன். ஒரு மணி பத்து நிமிடம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தபலா வாசித்த ஹன்மந்தண்ணா, "இதுக்கு மேல என்னத்த வாசிக்கிறது பாயி? நான் கடையக் கட்டிட்டுப் போறேன்" என்றார்.

பாயி முழுவதும் போட்டுக் கேட்டார். பிறகு, "இத அழிச்சிடு மாதவா. வியாழக்கிழமை திரும்பப் பாடுறேன், அதையே வெளியில குடுப்போம்" என்றார்.

"இதுல என்ன பாயி குறை?"

"சொன்னதச் செய்யேன்டா. தலை நரைச்சும் உனக்கு வாய் குறையல."

எனக்கு மனம் வரவில்லை. நீங்களாயிருந்தால் அழிப்பீர்களா? வியாழக்கிழமை அவர் பாடினால்தானே இது போகும்? பாடாவிட்டால் இதுதான் நிற்கும். நிதானமாக யோசித்துத்தான் முடிவு செய்தேன். புதன்கிழமை காலை மாருதி கோயிலுக்குப் போய், சிலையின் காலடியிலிருந்து செந்தூரம் வழித்துக் காகிதத்தில் மடித்துக்கொண்டேன். "என்ன மாஸ்தர், அதிசயமா இந்தப் பக்கம்?" என்று பூசாரி சிரித்தார்.

அன்று மூன்று முறை மடித்துக் கொடுத்தேன்.

"என்னடா இன்னிக்கு இப்படிக் காறுது?"

"சுண்ணாம்பு தூக்கலாப் போச்சு பாயி."

நம்பி மென்றார்.

இப்போது ஆஸ்பத்திரியில் அவர் வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. இனி குரல் வராது என்கிறார் டாக்டர். நேற்று பார்க்கப் போனபோது என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அவருக்கு என்மேல் சந்தேகமே இல்லை. அது ஒன்றுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதனால்தான் நானே ஸ்டேஷனுக்கு வந்து சொல்கிறேன்.

குறை என்ன என்று அவர் அன்றைக்கே சொன்னார், உங்களிடம் சொல்ல விட்டுப்போயிற்று. நாற்பதாவது நிமிடத்தில் என் குரல் வருகிறது, நாலு விநாடி. "கை காட்டாமலே நுழைஞ்சே. உன் நிஷாதம் சுருதிக்குக் கீழ இறங்கிக் கிடக்கு. அது ஒண்ணுதான் குறை" என்றார்.

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை ஐயா. பதிவைக் கொண்டுவந்திருக்கிறேன். அந்த இடத்தைப் போட்டுக் கேளுங்கள். நிஷாதம் இறங்கவில்லை.